கல்லுக்கு நல்ல தண்ணி வார்த்த கதை

உப்பைக் குறைத்தால் பிரஷர் குறையும் என்று நான் நம்பியிருந்தேன். மனிதருக்கும் அப்படித்தான், கல்லுக்கும் அப்படித்தான் என்று. மனிதர் விசயத்தில் இதைச் சொன்னவர் ஆஸ்பத்திரி டாக்குத்தர். கல் விசயத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நானாகவே எனக்குச் சொல்லிக்கொண்டது. நான் எனக்குச் சொல்லிய புத்திமதிகளில் உருப்பட்டது என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் வீட்டில் வேறு ஆள் இல்லாதபடியால் என்னிடம்தான் கேட்கவேண்டிக் கிடக்கிறது.

துறைமுகத்தை ஒட்டின சீனக்குடாப் பக்கம், ஒருகாலத்தில் சீமெந்து மூட்டை அடுக்கிய களஞ்சிய அறை ஒன்றில் எங்கள் லாப், கல்லைச் சோதிக்கிற சின்ன ஆய்வுகூடம், இருக்கிறது. எங்கள் என்றால் மாதத்தில் ஒருக்கால் கொழும்பிலிருந்து வருகிற மிஸ், மற்றது நான். மிஸ் பாறைகளைப் படித்தவ. நான் பம்புகளோடு புழங்கினவன். வளைகுடாவில் கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்குகிற பிளான்ட் ஒன்றில் என் வாலிபம் முழுக்கப் போனது. அங்கே உப்பு என்றால் எதிரி. குழாயைத் தின்னும், வால்வை இறுக்கும், ஒப்பரேட்டரின் லீவைப் பறிக்கும். இருபது வருசத்துக்குக் கிட்ட ஒருவன் உப்போடு சண்டை பிடித்திருந்தால் அவனுக்கு உப்பைப்பற்றி நல்ல எண்ணம் வருமோ?

லாபில் எங்கள் வேலை கல்லுக்குள்ளால் தண்ணி விடுவது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மனைவியும் முதலில் சிரித்தவதான். எண்ணெய் நிலத்துக்குக் கீழே குளம்மாதிரிக் கிடக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது கல்லுக்குள் இருக்கிறது. தேத்தண்ணியில் தோய்த்த பணிஸ்போல, மணற்கல்லின் துளைகளுக்குள் ஊறிக்கிடக்கிறது. கிணறு தோண்டினால் கொஞ்சக்காலம் தானாக வரும். பிறகு களைத்துப்போகும். அப்போது பக்கத்தில் இன்னொரு துளை போட்டு, தண்ணியை உள்ளே அடித்து, எண்ணெயைத் தள்ளி எடுப்பார்கள். அந்தத் தண்ணியில் உப்பு கொஞ்சம் குறைந்திருந்தால் எண்ணெய் கல்லைவிட்டு இலேசாகக் கழன்று வருமாம். எவ்வளவு குறைக்கலாம், எந்த உப்பை விடலாம், எதை எடுக்கலாம் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியில்தான் எங்கள் சோறு.

கேள்வியைக் கேட்ட கம்பனி எங்கேயோ ஒரு பாலைவனத்தில் இருக்கிறது. அங்கேயிருந்து பெருவிரல் பருமனில், உருளையாக வெட்டிய கற்கள் வந்தன. வழியிலேயே எல்லாம் உடைந்து, ஒன்றே ஒன்று முழுதாக மிஞ்சியது. மிஸ் அதைக் கையில் தரும்போது சொன்னவ:

"அண்ணை, இதுவும் பழுதாப்போனால் கம்பனிக்காரர் வேற இடம் பாத்திடுவினம். பெரியவரும் மெசினைக் கொழும்புக்கு எடுக்கச் சொல்லிப்போட்டார். கவனம்."

பெரியவர் என்பது லாபின் சொந்தக்காரர். மெசின் கொழும்புக்குப் போனால் நான் எங்கே போவது என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேறு ஆள் இருந்தது.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடாவுக்குப் போன என் மனைவி, பேரன் தவழும்வரைக்கும் என்று நின்றவ, நடக்கும்வரைக்கும் என்று நின்றவ. இப்போது பேரன் ஓடித்திரிகிறான். அவ இன்னும் இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கவில்லை. "நீங்களும் வந்திடுங்கோவன், இஞ்ச எல்லாம் செய்துவைச்சிருக்கு" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. நானும் ஒவ்வொரு முறையும், "நான் இல்லாட்டி லாப் ஓடாது" என்பேன். அப்படிச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. பாலையூற்று வீட்டில் நான் இல்லாவிட்டால் ஓடாதது சுவர்க் கடிகாரம் மட்டும்தான், அதுவும் பட்டரி போடுகிற அளவுக்கு. லாபில் என்றால் ஒரு கல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கல் போனால், கனடாவுக்குப் போகாமல் இருக்கிற என் சாட்டும் போச்சு.

மெசின் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தடித்த உருக்குக் குழாய்க்குள் ரப்பர் உறை, அதற்குள் கல். ஒரு பக்கத்தால் பம்ப் தண்ணியைத் தள்ளும், மற்றப் பக்கத்தால் சொட்டும். கல்லுக்குள் வழி திறந்திருந்தால் பிரஷர் முள் படுத்துக்கிடக்கும். வழி அடைபட்டால் எழும்பும். அந்த வழிவிடுகிற குணத்துக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஊடுபுகவிடுமியல்பு என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளால் என் வாயே ஊடுபுகாது. நான் 'வழிவிடுறது' என்றுதான் சொல்வேன். மிஸ் முகத்தைச் சுளித்தாலும் விளங்கிக்கொள்வா.

மேசையில் இரண்டு போத்தல். வாசிக்க வேறு ஆள் இல்லாத லாப் என்றபடியால் லேபிளையும் நான் என்பாட்டுக்குத் தமிழில் ஒட்டியிருந்தேன். ஒன்றில் 'உப்புத் தண்ணி'. நிலத்துக்குக் கீழே கல்லோடு கிடந்த தண்ணியைப்போலவே மிஸ் கலந்து தந்தது, கடலைவிடக் கரிக்கும். மற்றதில் நானே வடித்த, ஒரு துளி உப்பும் இல்லாத தண்ணி. குழாய் கழுவுவதற்கு. அதற்கு நான் எழுதியது 'நல்ல தண்ணி'. இந்த ஊரில் அதற்கு வேறு பெயர் இல்லை. உப்பு இல்லாவிட்டால் நல்லது. அப்படித்தானே நாங்கள் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. உப்புத் தண்ணி கல்லுக்குள்ளால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முள் படுத்த படுக்கை. மிஸ் தொலைபேசியில் சொல்லியிருந்தவ: "பம்பை நிப்பாட்டிப்போட்டு அப்பிடியே விட்டிட்டுப் போங்கோ. திங்கள் நான் வந்து உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கிறன்."

அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வாசலில் என் ஓட்டோக்காரர் நின்றார். கிண்ணியாக்காரர், ஜும்மா முடித்து என்னை ஏற்ற வந்தவர். காலையில் கடற்கரையில் மீன்பெட்டி ஏற்றின ஓட்டோ. எனக்காகக் காத்திருந்த நேரத்தில் எங்கள் குழாயில் வாளி பிடித்துத் தட்டு, சக்கரம், இரும்பு எல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உப்போட விட்டா ரெண்டு நாளையில தின்டுபோடும் அண்ணன்," என்றார், என்னைப் பார்க்காமலே.

எனக்கு அந்த இடத்தில்தான் கல்மேல் இரக்கம் வந்தது. இந்தத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற ஒருவரும் உப்போடு ஒன்றையும் விடுவதில்லை. கடலில் குளித்தால் நல்ல தண்ணியில் அலசிவிட்டுத்தான் துவாயைத் தொடுவோம். வள்ளத்து எஞ்சினைக் கழற்றிவந்து பீப்பாய் நல்ல தண்ணியில் ஓடவிடுவார்கள். கடற்கரைக்குப் போட்ட செருப்புக்கும் ஒரு வாளி. அப்படியிருக்க, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விருந்தாளிக் கல்லை, இந்த வெக்கையில், சனி ஞாயிறு முழுக்க உப்புக்குள் போட்டுவிட்டுப் போவதா? இரக்கத்தோடு பிளான்டில் வேலை செய்த திமிரும் சேர்ந்தது. உள்ளே போனேன். வால்வைத் திருப்பினேன். கல்லுக்கு நல்ல தண்ணி விட்டேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மேசை துடைத்தேன். பிறகு பார்த்தால், மற்றப் பக்கத்தால் வருகிற தண்ணி அரிசி கழுவின தண்ணிமாதிரி வெள்ளையாய்க் கலங்கி வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஊத்தை போகுது. பார், எவ்வளவு ஊத்தையோடு இருந்திருக்கிறாய் என்று கல்லிடம் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். தனியே இருக்கிறவனுக்கு அது பழகிப்போகும்.

அப்போது முள் எழும்பியது.

மெல்ல எழும்பினது, பிறகு வெட்கமில்லாமல் எழும்பியது. சொட்டு குறைந்தது. குறைந்து, நின்று யோசித்து யோசித்து விழுந்தது. பம்ப் முக்கியது. கடைசியில் மெசின் கூவிவிட்டுத் தானாக நின்றது.

என் நெஞ்சும் கூவியது. அதற்குத் தானாக நிற்கிற வசதி இல்லாததால் நான் கதிரையில் இருந்தேன்.

அந்தக் கால் மணித்தியாலத்தில் நான் செய்ததைச் சொன்னால் வளைகுடாக்காரர் என் சேர்ட்டிபிக்கட்டைத் திருப்பிக் கேட்பார்கள். குழாயைத் தட்டினேன். பம்பைத் திட்டினேன். மெசினை நிப்பாட்டித் திரும்பப் போட்டேன், ரேடியோவுக்குச் செய்வதுபோல. பிறகு புத்தி வந்து உப்புத் தண்ணியைத் திரும்ப விட்டேன். மன்னிப்புக் கேட்கிறமாதிரி, நல்ல மெதுவாக. முள் அசையவில்லை. கடைசியாக ஒரு யோசனை: குழாயை மாற்றிப் பூட்டி, வந்த வழியாலேயே தண்ணியைத் திருப்பித் தள்ளுவோம். தள்ளினேன். முள் சட்டென்று விழுந்தது. சொட்டு ஓடியது. எனக்கு அழுகை வரப்பார்த்தது. கும்பிடக் கையை எடுத்திருப்பேன், ஆனால் கையில் ஸ்பனர். அந்த ஸ்பனரைக் கீழே வைப்பதற்கிடையில் முள் திரும்பவும் எழும்பிவிட்டது.

வெளியே வந்தேன். ஓட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன அண்ணன், வேர்த்து ஊத்துது?"

"கல் அடைச்சுப்போச்சு," என்றேன்.

அவர் வாளியை வைத்துவிட்டு என் இடுப்பைப் பார்த்தார். "எந்தப் பக்கம்? வலமா, இடமா?"

"நடுவில."

"நடுவிலயா?" அவர் குரல் இறங்கிப்போனது. "ஏறுங்க அண்ணன், கதைக்காதீங்க."

நானும் ஏறினேன். யோசிக்கிற நிலையில் இல்லை. பாலையூற்றுத் திருப்பத்தைத் தாண்டி ஓட்டோ போன பிறகுதான் வீட்டுக்குப் போகவில்லை என்று விளங்கியது.

"எங்க போறீர்?"

"ஆஸ்பத்திரிக்கு. என்ட மச்சானுக்கும் இப்பிடித்தான் கல் அடைச்சது. வாழைத்தண்டுச் சாறு குடுத்த நாங்க. நல்ல தண்ணி குடிக்கணும் அண்ணன், நிறைய நல்ல தண்ணி. அதுதான் கல்லுக்கு மருந்து."

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிப்பாட்ட ஏலவில்லை. அவர் ஓட்டோவை ஓரமாக்கி, திரும்பி, ஒரு விசர் பிடித்த மனிதனைப் பார்க்கிறமாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், லாப் கல், என் வயிற்றுக் கல் இல்லை என்று விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தக் கல்லுக்கா இந்த முகம்?" என்றார். "வேற கல்லு ஒண்டு போடுங்க."

வேறு கல் இல்லை என்றேன். அவர் ஓட்டோவைத் திருப்பி என்னை வீட்டில் இறக்கிவிட்டார்.

சனிக்கிழமை, எனக்கு இங்கே பொழுது படும்போது அங்கே மனைவிக்கு விடிந்தது. வழக்கமான முதல் கேள்வி.

"இஞ்சேருங்கோ, உப்புக் குறைச்சே சாப்பிடுறீங்கள்?"

"குறைச்சுத்தான். கல்லுக்கும் குறைச்சுப்போட்டன்," என்றேன்.

முழுக்கச் சொன்னேன். அரிசி கழுவின தண்ணியிலிருந்து ஆஸ்பத்திரி றோட்டு வரைக்கும். மெசின் கொழும்புக்குப் போகும், என் வேலை போகும், ஒருவேளை கல்லின் விலையை என் தலையில் கட்டுவார்கள், பேப்பரில் வரும், பொலிசார் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று என் கற்பனையில் இருந்ததையும் சேர்த்தேன். அவ சிரித்தா. போனுக்கு அங்கால் நெடுநேரம் சிரித்தா. பின்னால் பேரன் ஏனென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தான். உப்பு, மருந்து, கதவு பூட்டினீங்களோ என்ற மூன்றையும் தாண்டி நாங்கள் கதைத்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"அப்ப இனி என்ன," என்றா சிரிப்பு அடங்கியபின். "லாப் மூடினால் வாங்கோவன்."

"பாப்பம்," என்றேன்.

பாப்பம் என்று சொன்ன ஆள் போனை வைத்துவிட்டு என்ன செய்தார் என்றால், அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் தூசி தட்டினார். வளைகுடாவில் போட்ட பழைய சுவெட்டர் ஒன்றை மடித்து உள்ளே வைத்தார். கனடாக் குளிருக்கு அது ஒரு துவாயளவுக்கும் காணாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக் கடற்கரைக்குப் போனேன். பெயரைக் கேட்டே போனேன் என்று வையுங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெயிலில் கிடந்தார்கள், குடும்பங்கள் பந்தடித்தன. நான் கழுத்துமட்டும் கடலுக்குள் நின்றேன். திரும்பி வரும்போது குழாயடியில் எல்லோரும் வரிசையாய் நின்று நல்ல தண்ணியில் அலசிக்கொண்டிருந்தார்கள். நான் அலசவில்லை. கல்லுக்கு இழைத்த அநியாயத்துக்கு ஒரு தண்டனையாக, உப்போடேயே பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி இடம் மாறி இருந்தா. உடம்பு முழுக்க உப்பு கடித்தது. கல்லுக்குப் பிடிக்கிறது எனக்குப் பிடிக்கவில்லை என்ற முடிவோடு வீட்டுக்கு வந்து குளித்தேன்.

திங்கள் மிஸ் வந்தா. நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவ கைப்பையைக் கழற்றவில்லை.

"என்ன செய்தனீங்கள் எண்டு ஒண்டொண்டாச் சொல்லுங்கோ அண்ணை."

சொன்னேன். கலங்கிய தண்ணியைப் போத்தலில் பிடித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். அடியில் மாவுபோல் படிந்திருந்தது.

"இது ஊத்தை இல்லை," என்றா. "களிமண். கல்லின்ர துளைச் சுவரெல்லாம் இது ஒட்டிக்கிடக்கும். சுத்தவர உப்புத் தண்ணி நிண்டால் சுவரைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருக்கும். உப்பை ஒரேயடியா எடுத்தீங்களெண்டால் சுவரும் களியும் ஒண்டையொண்டு தள்ளும். களி கழண்டு தண்ணியோட போகும். போற வழியில ஒடுக்கமான வாசல் வரும். கொஞ்சமா வந்தால் தப்பிப் போயிடும். எல்லாம் ஒரே நேரத்தில வந்தால் வாசலில நெருக்குப்படும்."

"தேர் அண்டைக்குக் கோயில் வாசல்மாதிரி."

"ஓம். அதுக்குத்தான் நான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்க வேணும் எண்டனான்."

"திருப்பித் தள்ளேக்கை திறந்ததே மிஸ்?"

"நெருக்கம் கலைஞ்சிருக்கும். அங்கால போய் அடுத்த வாசலில திரும்ப நெருக்குப்பட்டிருக்கும்."

"சரி, நான் உப்பைத் திரும்பக் குடுத்தன்தானே."

மிஸ் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா. "உப்பு திரும்பி வந்தால், களி நிண்ட இடத்திலயே ஒட்டிக்கொள்ளும் அண்ணை. பழைய சுவருக்குப் போகாது."

நான் ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை இன்னொருக்கால் துடைத்தேன்.

மிஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு பகிடி விட்டிருப்பேன். நடந்ததை அப்படியே எழுதினா: திட்டத்தில் இல்லாதபடி உப்பில்லாத தண்ணி விடப்பட்டது, கல் அடைபட்டது, உப்புத் தண்ணிக்கும் திறக்கவில்லை. கம்பனிக்கு அனுப்பினா. அடுத்த நாள் கொழும்புக்குப் போனா.

பிறகு நான் லாபில் இருந்து பதிலுக்குக் காத்திருந்தேன். செய்ய வேலை இல்லை. வால்வுகளுக்கு எண்ணெய் போட்டேன், லேபிள்களை உரித்து, 'நல்ல தண்ணி' என்றிருந்த இடத்தில் 'வெறும் தண்ணி' என்று எழுதி ஒட்டினேன். போன் அடிக்கிறபோதெல்லாம் நெஞ்சு பதறியது. ஆனால் பதறிய பக்கம் மாறிப்போயிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். மெசினை ஏற்ற லொறி வரும் என்று சொல்லமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மிஸ்ஸிடமிருந்து போன் வந்தது. குரலிலேயே தெரிந்தது.

"அண்ணை, கம்பனிக்காரர் கோவிக்கேல்லை. அவையின்ர கல்லில இப்பிடி நடக்குமெண்டு அவைக்கே தெரியாதாம். எங்கயோ இருந்து ஆத்துத் தண்ணி கொண்டுவந்து அடிக்கிறதா இருந்தவையாம், நிப்பாட்டிப்போட்டினம். எவ்வளவு உப்பு வரைக்கும் களி பிடிச்சுக்கொண்டு நிக்கும், கல்சியம் கலந்தால் என்ன, பொட்டாசியம் கலந்தால் என்ன எண்டு பாக்கச் சொல்லி ஒரு பெட்டி கல் அனுப்புகினம். கனநாள் வேலை. மெசின் அங்கயே நிக்கட்டும் எண்டு பெரியவரும் சொல்லிப்போட்டார். நீங்கள்தான் ஓட்ட வேணும்."

"நல்லது மிஸ்," என்றேன்.

அன்று பின்னேரம் மனைவிக்குச் சொன்னேன். அவ உண்மையாகவே சந்தோசப்பட்டா. அதில் ஒரு பொய்யும் இல்லை. "பாத்தீங்களே, சும்மா கிடந்து பயந்தனீங்கள். நீங்கள் இல்லாட்டி அது ஓடாது எண்டு எனக்குத் தெரியும்தானே," என்றா. நான் சொல்லிக் கொடுத்த வசனம்தான். சூட்கேசைப்பற்றிச் சொல்ல ஒரு இடம் வரும் என்று பார்த்தேன். பேரன் எதையோ தட்டிவிட்டான் போலிருக்கிறது, அவ ஓடிவிட்டா.

அந்தக் கல் திறக்கவேயில்லை. மிஸ் அதை என்னிடமே தந்துவிட்டா. அது வீட்டில் வானொலிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதுக் கற்கள் வந்து சேர்ந்தன, ஒன்றும் உடையவில்லை. நான் உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்கிறேன், முள் படுத்துக்கிடக்கிறது. சுவெட்டரை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். சூட்கேசை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.